கதவில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்: லாரி எடையும் பார்க்கிங் அபராதமும்

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தடி லாரியைக் கொடுத்துவிட்டுப் பழைய பதினாலடி லாரி ஒன்றை வாங்கினாராம். கதவில் வெற்று எடை 2,870 கிலோ, முழு எடை 6,200 கிலோ என்று எழுதியிருக்கிறது. அடுக்குமாடி வீட்டுப் புளோக் கீழே ராத்திரி நிறுத்தியதற்கு இரண்டு அபராதம், சாலையோரம் நிறுத்தியதற்கு ஒன்று. வண்டி வாங்கும்போது தரகர் ஏதோ ‘பார்க்கிங் பேப்பர்’ ஏற்பாடு செய்து கொடுத்தார். அது முடிந்துவிட்டது, இப்போது அது இல்லாமல் சாலை வரி கட்ட முடியவில்லை. ஓட்டுநரிடம் கிளாஸ் 3 லைசென்ஸ் இருக்கிறது, பதினோரு வருட அனுபவம். கடைசியில் இரண்டு கேள்வி: வண்டியின் எடைக்கும் பார்க்கிங்குக்கும் என்ன சம்பந்தம்? அபராதத்தைக் கட்ட வேண்டியது ஓட்டுநரா, முதலாளியா?

வீடு மாற்றும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். வேன், பத்தடி, பதினாலடி, இருபத்து நாலடி என்று எல்லாம் எங்கள் யார்டில் நின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். நீங்கள் கவலைப்படும் மூன்று அபராதங்களும் இதில் சின்னது. உங்கள் ஓட்டுநர் அந்த லாரியை இன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். ஒரு நடைகூட வேண்டாம். அவர் பதினோரு வருடம் அல்ல, முப்பது வருடம் ஓட்டியிருந்தாலும் அந்த லாரிக்குக் கிளாஸ் 3 செல்லாது. சரக்கு வண்டியைப் பொறுத்தவரை கிளாஸ் 3 நெடுங்காலமாக 2,500 கிலோ வெற்று எடை வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் கிளாஸ் 4 வேண்டும். உங்கள் வண்டியின் வெற்று எடை 2,870. உரிய வகுப்பு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஓட்டியவரோடு முடிவதில்லை, ஓட்ட விட்ட முதலாளியும் குற்றவாளிதான். அதைவிட எனக்குப் பயம் காப்புறுதியை நினைத்துத்தான். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, ஓட்டியவருக்கு அந்த வகுப்பு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால், காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும் நிலை வரும். ஒரு கடையை மூட அது ஒன்று போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘பதினாலடி’ என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் லாரியை அடிக்கணக்கில் சொல்லியே பழகிவிட்டோம். பத்தடி, பதினாலடி என்பது பின்னால் இருக்கும் தட்டின் நீளம் மட்டும்தான். சட்டம் நீளத்தைப் பார்த்து வகுப்புப் பிரிப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. பதினாலடியிலேயே கிளாஸ் 3 லாரியும் உண்டு, கிளாஸ் 4 லாரியும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. விற்பனைக்காரர்கள் ‘பதினாலடி, கிளாஸ் 3’ என்று தனியாகக் குறிப்பிட்டு விளம்பரம் செய்வதே இதனால்தான். உங்கள் தரகர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது பெரிய தவறு.

இப்போது கதவுக்கு வருவோம். சரக்கு வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை. யு.எல்.டபிள்யூ என்றால் வெற்று எடை, சுமை ஏற்றாத வண்டி. எம்.எல்.டபிள்யூ என்றால் சுமையும் ஆளும் சேர்ந்து அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடையோடு சாலையில் இருக்கலாம் என்ற வரம்பு. நான் இதை முழு எடை என்று சொல்கிறேன். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு விதியும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வேறு வேறு இடத்தில் கோடு போடுகிறது. ‘என் வண்டி கனரக வாகனமா?’ என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. எந்த விதிக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

லைசென்ஸுக்கு வெற்று எடை, கோடு 2,500 கிலோவில். இது மேலே சொன்னது.

வண்டியின் வகைக்கு முழு எடை. 3,500 கிலோ வரை இலகு சரக்கு வாகனம். அதற்கு மேல் 16,000 கிலோ வரை கனரகம். 16,000-க்கு மேல் மிகக் கனரகம். நம்பர் பிளேட்டிலேயே இது ஓரளவு தெரிந்துவிடும்: ஜி எழுத்தில் தொடங்கினால் இலகு, ஒய் அல்லது எக்ஸ் என்றால் கனரகம். வேகமும் இந்தக் கோட்டைத்தான் ஒட்டிப் போகிறது. விரைவுச்சாலையில் இலகு சரக்கு வண்டி 70 கிலோமீட்டர் வரை போகலாம், அதற்கு மேற்பட்டது 60-ஐத் தாண்டக் கூடாது. பின்னால் ஒட்டியிருக்கும் வட்ட ஸ்டிக்கர் அதுதான். பழைய பத்தடியில் 70 என்று இருந்திருக்கும், இப்போது 60 என்று இருக்கும், போய்ப் பாருங்கள். இன்னொன்றும் இதோடு வருகிறது. முன்பு 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத்தான் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். இப்போது 3,501 கிலோவிலிருந்து 12,000 கிலோ வரை உள்ள லாரிகளுக்கும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. முழு எடையையும் பதிவான ஆண்டையும் பொறுத்துக் கெடு மாறும். உங்கள் 6,200 கிலோ லாரி நடுவில் மாட்டுகிறது. பழைய வண்டி என்பதால், கருவி பொருத்தியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

நிறுத்துமிடத்துக்கும் முழு எடைதான், ஆனால் கோடு 5,000 கிலோவில். நீங்கள் ‘பார்க்கிங் பேப்பர்’ என்று சொல்வது வாகன நிறுத்துமிடச் சான்றிதழ். 5,000 கிலோவுக்கு மேல் முழு எடை உள்ள சரக்கு வண்டி, ஓட்டுநரை விட்டுப் பதினைந்து பேருக்கு மேல் உட்காரும் பேருந்து, டிரெய்லர், நகரும் கிரேன் போன்றவற்றுக்கு இது கட்டாயம். அதாவது, இந்த வண்டிக்கு ராத்திரி நிற்க ஒரு முறையான இடம் இருக்கிறது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். காட்டினால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும். உங்கள் தரகர் வண்டியைக் கைமாற்றிவிடுவதற்காகக் கொஞ்ச மாதத்துக்கு எங்கேயோ ஓர் இடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது முடிந்ததும் சாலை வரி நின்றுவிட்டது.

இப்போது ஒரு விஷயம் புரிகிறதா? 4,500 கிலோ முழு எடையுள்ள ஒரு லாரி விரைவுச்சாலையில் கனரகம். அதே லாரிக்கு நிறுத்துமிடச் சான்றிதழ் வேண்டாம். அதன் வெற்று எடை 2,450 என்றால் கிளாஸ் 3 வைத்திருப்பவரே ஓட்டலாம். ஒரே வண்டி, ஓர் இடத்தில் பெரியது, இன்னோர் இடத்தில் சின்னது. உங்கள் வண்டி மூன்று கோட்டையும் ஒரே தாவாகத் தாண்டியிருக்கிறது. நீங்கள் வாங்கியது, உங்கள் பழைய லாரியே நாலடி கூடுதலாக நீண்டது மாதிரி தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாங்கியது வேறு ஒரு வாகனம்.

புளோக் கீழே ஏன் அபராதம் வந்தது என்பதற்கு எடை மட்டும் காரணமில்லை, அளவும் சேர்ந்துகொள்கிறது. இங்கே ஒரு கார் நிற்கும் கட்டம் பொதுவாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பத்தடித் தட்டு என்றால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட. முன்னால் ஓட்டுநர் கூடு ஒன்றரை மீட்டர் சொச்சம் சேர்த்தால் கட்டத்துக்குள் இழுத்துப் பிடித்து நின்றுவிடும். அதனால்தான் இத்தனை வருடம் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. பதினாலடித் தட்டு மட்டுமே 4.27 மீட்டர். கூட்டோடு சேர்த்து ஆறு மீட்டர் பக்கம் வந்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டத்துக்கு வெளியே நீட்டி நிறுத்துவதே குற்றம். ஆகவே 5,000 கிலோவுக்குக் கீழே உள்ள பதினாலடியாக இருந்தாலும் கார்க் கட்டத்தில் நிறுத்த நினைக்காதீர்கள். சான்றிதழ் வேண்டாம் என்பதால் கட்டத்தில் இடம் கிடைத்துவிடாது.

பணத்தில் உள்ள வித்தியாசமும் சின்னதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நிறுத்துமிடத்தில் காருக்கு, நகர மையத்துக்கு வெளியே, அரை மணிக்கு 60 காசு. ராத்திரி பத்தரையிலிருந்து காலை ஏழு வரை எவ்வளவு நேரம் நின்றாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. கனரக வாகனக் கட்டத்தில் அரை மணிக்கு 1 வெள்ளி 20 காசு, சரியாக இரண்டு மடங்கு. பார்க்கிங் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், வண்டி வகை கேட்கும் இடத்தில் கனரகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பத்தடிக்குப் போட்டு வைத்த ‘கார்’ அப்படியே இருந்தால், காசு கட்டியும் அபராதம் வரும். இப்படி எங்கள் ஓட்டுநர் ஒருவர் மாட்டிக்கொண்டு, ‘நான்தான் காசு கட்டினேனே’ என்று மனம் நொந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை, யார்டில் வண்டி மாற்றிக் கொடுத்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சாலையோரத்தில் வாங்கிய அபராதத்துக்கு வருவோம். எந்த இடம் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கோடுகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன். ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனி வரை காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை நிறுத்தக் கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரமும் நிறுத்தக் கூடாது. ஆளை உடனே ஏற்றி இறக்குவது மட்டும் சரி. வளைந்து வளைந்து போகும் ஒற்றை மஞ்சளிலும் நிறுத்திவைக்க முடியாது, ஏற்றி இறக்கிவிட்டு உடனே நகர வேண்டும். வளைந்து போகும் இரட்டை மஞ்சளில் வண்டியை நிற்கவே விடக் கூடாது, ஒரு மூட்டையைக் கீழே வைக்கிற நேரத்துக்குக்கூட. சாலை நடுவே விடாமல் போகும் வெள்ளைக் கோட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. அது இருக்கும் இடத்தில் இரண்டு ஓரத்திலும் நிறுத்தக் கூடாது. மஞ்சள் இல்லையே என்று நினைத்து அங்கே நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்புறம் பேருந்து நிறுத்தத்துக்கு 9 மீட்டருக்குள்ளும், தீயணைப்புக் குழாய்க்கு 3 மீட்டருக்குள்ளும் கூடாது. நடைபாதையிலும் புல்தரையிலும் சக்கரம் ஏறக் கூடாது. புளோக் பக்கத்தில் தீயணைப்பு வண்டி வரும் வழி என்று எழுதியிருந்தால், ஐந்து நிமிடம் என்றாலும் அங்கே வேண்டாம். அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மேலே யாரோ ஒருவர் வீட்டில் தீப் பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடியில் காகிதம் இல்லை, அதனால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பல இடங்களில் நிலப் போக்குவரத்து ஆணையம் கேமரா வைத்தே பிடிக்கிறது. கடிதம் வீட்டுக்கு வரும்.

தேக்கா பக்கம் சாமான் இறக்கும் கடைக்காரர்களுக்கு உண்மையான சிரமம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. குறுகலான தெரு, எப்போதும் ஆள் நடமாட்டம், ஞாயிறு என்றால் கால் வைக்க இடமில்லை. சாமான் இறக்கும் இடங்களில் பலகையில் எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கும், அதற்குள் முடிக்க ஒரே வழி கூட ஓர் ஆளை அனுப்புவதுதான். ஒருவரே ஓட்டி, ஒருவரே இறக்கி, ஒருவரே ரசீது வாங்க உள்ளே போனால் நேரம் தாண்டத்தான் செய்யும். இரண்டாவது ஆளின் கூலியை மிச்சம் பிடித்து அபராதமாகக் கட்டும் கடைகள் எனக்குத் தெரியும். கூட ஆள் இருந்தால், அதிகாரி வரும்போது வண்டியை நகர்த்தலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும், ஓட்டுநரின் முதுகும் தப்பிக்கும்.

‘எடைக்கும் பார்க்கிங்குக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, பலர் இதை வெறும் வசூல் என்றே நினைக்கிறார்கள். சாலை தேய்வது எடைக்கு ஏற்ப நேராக ஏறுவதில்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கணக்கு. சாலைப் பொறியாளர்கள் இன்றைக்கும் அதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். கார்களுக்காகப் போட்ட தளத்தில் தினமும் கனமான வண்டி திரும்பித் திரும்பி நின்றால் அது தாங்காது.

நிற்கிற வண்டியின் ஆபத்து இன்னொரு விதம். இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஓட்டுநர் ஒருவர் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு, யார்டுக்குப் போய்த் திரும்ப இன்னும் ஒரு மணி நேரமாகுமே என்று, குடியிருப்புச் சாலை வளைவு ஒன்றில் பெரிய லாரியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலை ஆறரைக்கு வண்டியை எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் லாரியின் முன்பக்கத்திலிருந்து சாலையைக் கடக்கக் காலெடுத்து வைத்தான். வளைவில் வந்த காருக்கு அவன் தெரியவே இல்லை, அவனுக்கும் கார் தெரியவில்லை. அந்தக் கார் பிடித்த பிரேக் சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கார் அங்கே நின்றிருந்தால் அதன் கூரைக்கு மேல் பையனின் தலையாவது தெரிந்திருக்கும். லாரி ஒரு சுவர் மாதிரி. பெரிய வண்டிகளுக்கு ராத்திரி நிற்க தனி இடம் வேண்டும் என்று விதி கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த ஓட்டுநரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. யார்டிலிருந்து வீட்டுக்குப் போக அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. டாக்சிக் காசை நிறுவனம் கொடுத்திருந்தால் அவர் அங்கே நிறுத்தியிருக்க மாட்டார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தோம்.

எடையை வைத்துப் பார்க்கிங் கட்டணம் போடுவது லாரியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து கனமான கார்களுக்கு வெளியூர்க்காரர்கள் கட்டும் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார் என்றால் 1.6 டன், மின்சாரக் கார் என்றால் 2 டன் எல்லை. நகர நடுவில் மணிக்கு 18 யூரோ. சிங்கப்பூரில் காருக்கு அப்படி இல்லை. சின்ன ஹேட்ச்பேக்கும் பெரிய எஸ்யூவியும் ஒரே கட்டத்துக்கு ஒரே காசுதான் கட்டுகின்றன. இங்கே எடைக் கணக்கு சரக்கு வண்டிக்காரர்களின் தலையில்தான் விழுகிறது.

அபராதம் யார் தலையில் என்ற கேள்வி. நிறுத்தக் குற்றத்துக்கான கடிதம் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் வரும், அதாவது உங்களுக்கு. அன்றைக்கு ஓட்டியது இன்னார் என்று அதிகாரிகள் விவரம் கேட்டால், கடிதத்தில் குறித்த நாளுக்குள் உண்மையைக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் பெயரைப் போட்டுக் கொடுப்பது தனிக் குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். நிறுத்தக் குற்றங்கள் பெரும்பாலும் பணத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஆபத்தாகவோ வழியை மறித்தோ நிறுத்திப் போக்குவரத்துக் காவல்துறை கையில் எடுத்தால் ஓட்டுநரின் லைசென்ஸில் குற்றப் புள்ளிகளும் ஏறலாம். 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் 12 வாரம் பறிபோகும். ஓட்டிப் பிழைப்பவருக்கு அது மூன்று மாதச் சோறு. கனரக வாகனத்துக்கு அபராதத் தொகையும் கூடுதல். உதாரணத்துக்கு, சிவப்பு விளக்கைத் தாண்டினால் இலகு வாகனத்துக்கு 400 வெள்ளி, கனரகத்துக்கு 500 வெள்ளி. புள்ளி இருவருக்கும் 12-தான்.

சட்டப்படி கடிதம் உங்களுக்கு வந்தாலும், நியாயப்படி யார் கட்ட வேண்டும் என்பதில் என் கருத்து தெளிவானது. இந்த மூன்று அபராதத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். நிற்க இடமில்லாத வண்டியைக் கையில் கொடுத்தது நீங்கள். அவர் எங்கே நிறுத்தியிருந்தாலும் அபராதம் வந்திருக்கும். சம்பளத்தில் பிடிக்கலாம் என்று நினைத்தால், அதற்கும் விதி இருக்கிறது. வேலை நியமனச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்குத்தான் பிடிக்க முடியும். எழுத்தில் அவர் சம்மதித்துப் பிடிப்பதாக இருந்தால், அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்பப் பெறலாம். மொத்தப் பிடித்தம் பொதுவாக ஒரு சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல இடம் இருந்தும் சோம்பலில் மஞ்சள் கோட்டில் நிறுத்துபவர் வேறு கதை. அவரோடு பேசி, முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு ஒன்று இருந்தால் சண்டை வராது.

இனி என்ன செய்வது? உங்கள் வியாபாரத்துக்கு இந்த லாரி உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். முழு எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை வரும். உங்கள் வண்டிக்கு 6,200-லிருந்து 2,870 போக 3,330 கிலோ. ஓட்டுநர், கூட ஒருவர், எரிபொருள் என்று 200 கிலோவைத் தள்ளினால் 3,130. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை என்றால் 125. இதுவே வெற்று எடை 2,490, முழு எடை 5,000 உள்ள ஒரு பதினாலடி என்றால் 2,510 கிலோ, 200 போனால் 2,310, அதாவது 92 மூட்டை. வித்தியாசம் 33 மூட்டை. அந்த 33 மூட்டைக்காக கிளாஸ் 4 ஓட்டுநர், கனரக நிறுத்துமிட வாடகை, சான்றிதழ், இரண்டு மடங்குப் பார்க்கிங் கட்டணம் எல்லாம் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு நடை கூட அடித்தால் அந்த 33 மூட்டையும் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் சரக்கு பெரும்பாலும் அப்பளம், மசாலாப் பொட்டலம், பாத்திரம் மாதிரி இடம் அடைக்கும் சாமான் என்றால் எடை ஒரு பிரச்சினையே இல்லை. உங்களுக்கு வேண்டியது நீளம்தான், கிளாஸ் 3 பதினாலடி போதும். அரிசியும் எண்ணெயுமே வியாபாரம் என்றால் இந்த லாரியையே வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் 92 மூட்டை இடத்தில் 120 ஏற்றலாமே என்று மட்டும் போக வேண்டாம். முழு எடையைத் தாண்டுவது தனிக் குற்றம், பிரேக் பிடிக்கும் தூரமும் அதோடு நீளும்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், கனரக நிறுத்துமிடத்தை வீட்டுக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். காலையில் முதல் சரக்கு எங்கே ஏற்றுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் தேடுங்கள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலோ ஜூரோங் பக்கக் கிடங்கிலோ ஏற்றுவது என்றால், அந்தப் பக்கம் வண்டி நிற்கட்டும், ஓட்டுநர் காலையில் அங்கே நேராகப் போகட்டும். காலி லாரி தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் டீசல் மிச்சமாகும். இடத்தை எடுத்ததும் சான்றிதழ் வாங்கி, சாலை வரியைக் கட்டுங்கள். சாலை வரி முடிந்த வண்டியைச் சாலையில் விடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை தெரிந்தவர்களின் வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்துச் சமாளியுங்கள். உங்கள் ஓட்டுநரைக் கிளாஸ் 4 பயிற்சிக்கு அனுப்பிவையுங்கள், கட்டணத்தை நீங்களே கட்டினால் நல்லது. பதினோரு வருடம் கூட இருந்தவர்.

வந்திருக்கும் மூன்று கடிதங்களையும் எடுத்து, மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புளோக் நிறுத்துமிடம் என்றால் வீவக, சாலையோரக் கட்டணக் கட்டம் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம், மஞ்சள் கோடு என்றால் நிலப் போக்குவரத்து ஆணையம். மேல்முறையீடு அந்தந்த இணையத்தளத்தில்தான். ‘தெரியாமல் செய்துவிட்டோம்’ என்று எழுதி எனக்கு ஒருமுறைகூடத் தள்ளுபடி கிடைத்ததில்லை. வண்டி பழுதாகி நின்றதற்கு இழுவை வண்டி ரசீது, திடீர் உடல்நலக் குறைவுக்கு மருத்துவமனைக் காகிதம், செயலியில் காசு கட்டிய பதிவு, இப்படிக் கையில் ஏதாவது இருந்தால் கிடைத்திருக்கிறது. உங்கள் மூன்றிலும் அப்படி ஒன்றும் தெரியவில்லை, அதனால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். தாமதித்தால் நீதிமன்ற அழைப்பாணை வரை போகும். பணம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். 2024 ஜூலை 1-லிருந்து பெரும்பாலான அரசு அமைப்புகளின் குறுஞ்செய்தி ஒரே அரசுப் பெயரில்தான் வருகிறது. அபராதப் பெயரைச் சொல்லி ஏமாற்றும் கூட்டம் அதிகமாகிவிட்டது. நீங்களே தளத்தைத் திறந்து, வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துக் கட்டுங்கள். பார்க்கும்போது உங்களுக்கு இன்னும் வந்து சேராத நாலாவது ஒன்று இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.